கோபுரத்துக் கப்பி

எங்கள் தாத்தா ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்கு, மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் எங்கள் குடும்பம் மணி அடிக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கிக் கொடுத்தது. குடும்பம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். முடிவு செய்தது அக்கா, மற்றவர்கள் தலையாட்டினோம். கோபுரத்து மணியின் கப்பி பழுதாகிவிட்டது, பொழுது சாய்ந்தால் கிறீச்சிடுகிறது, மணியை அடிக்க முடியவில்லை என்று சபைக் கமிட்டியிலிருந்து போனில் சொன்னார்களாம். "இந்தக் காலத்தில் யார் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டு அக்கா மின்சார இயந்திரத்துக்குச் சொல்லிவிட்டாள். பொருத்தும்போது பக்கத்தில் நிற்க நம் ஆள் ஒருவன் வேண்டும் என்று என்னை அனுப்பினாள். நான் மின்தூக்கிப் பராமரிப்பில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன். கப்பி, கயிறு, மோட்டார் மூன்றும் எனக்குப் பழக்கம். ஓய்வு பெற்றவன் என்பதால் மறுக்கவும் காரணம் கிடைக்கவில்லை.

ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. சீவலப்பேரிக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் நடுவே தாமிரபரணிக் கரையில் இருக்கிறது என்பது போதும். அந்தக் கரையில் கோபுரம் வைத்த கோயில்கள் பல உண்டு, தேடுகிறவர்கள் தேடிக்கொள்ளட்டும்.

திருநெல்வேலியில் புதன்கிழமை காலை டவுன் பஸ் ஏறினேன். ஊரைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் பின் டயர் போய்விட்டது. எங்கள் ஊரில் பேருந்து நின்றால் எல்லோரும் கைபேசியை எடுத்துப் புகார் எழுதத் தொடங்குவார்கள். இங்கே எல்லோரும் இறங்கி டயரைச் சுற்றி நின்று யோசனை சொன்னார்கள். மாற்று டயரும் காற்றில்லாமல் கிடந்தது தெரிந்ததும் யோசனைகள் இன்னும் கூடின. ஓட்டுநர் அதை எதையும் கேட்காமல் எதிரே இருந்த டீக்கடைக்குப் போய்விட்டார்.

அங்கேதான் மைதீன் கிடைத்தார். மேலப்பாளையத்துக்காரர். சவூதியில், தம்மாமில் லாரி ஓட்டிவிட்டு ஊருக்குத் திரும்பி ஆட்டோ ஓட்டுகிறார். என் பெட்டியைப் பார்த்ததும் வண்டியை ஓரம் கட்டி, "பசியாறிட்டீயளா அண்ணாச்சி?" என்று கேட்டார். நான் அப்படியே நின்றுவிட்டேன். காலை உணவைப் பசியாறுதல் என்று சொல்வது மலேசியத் தமிழர்கள் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சென்னையில் அப்படிச் சொன்னதற்கு ஓட்டல்காரர் என்னை இரண்டு முறை ஏற இறங்கப் பார்த்திருக்கிறார். மைதீன் என்னைப் பசியாற ஒரு ஓலைக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். இடியாப்பத்தின் மேல் சொதியை ஊற்றினார்கள். தேங்காய்ப் பாலும் பாசிப்பருப்பும் இஞ்சிச் சாறும் சேர்ந்த குழம்பு அது. நாங்களும் தேங்காய்ப் பாலில்தான் வாழ்கிறோம், ஆனால் மிளகாய் இல்லாமல் விட மாட்டோம். இவர்கள் விட்டுவிடுகிறார்கள், நன்றாகவும் இருக்கிறது.

சாலையின் இரு பக்கமும் பிசானப் பருவத்து நெல் பால் பிடித்து நின்றது. நடுநடுவே வாழை. ஊருக்கு ஒரு மைல் முன்னாலேயே கோபுரம் தெரிந்தது. வெள்ளையடித்து, ஊசி போல ஒல்லியாக, வயலுக்கு நடுவில் எதற்கு இவ்வளவு உயரம் என்று கேட்க வைத்தது.

நான் தங்கியது கிரேஸ் மதினி வீட்டில். பெரியப்பா மகன் மனைவி. அண்ணன் இறந்த பிறகு வயலையும் வாழையையும் தனியாகப் பார்க்கிறார். நாங்கள் அண்ணி என்போம், இங்கே மதினி. மதியம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் போட்டார். சாப்பிட்டு முடித்ததும் தூக்கம் வந்தது. எழுந்தபோது வெயில் இறங்கிவிட்டிருந்தது. முற்றத்தில் நின்று மைதீனும் மதினியும் வாழைத்தார் ஏற்றுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் கேட்டது. கோபுரத்திலிருந்து ஒரு நீண்ட, வறண்ட கிறீச்சல். துணியைக் கிழிப்பதுபோலத் தொடங்கி, கழுத்தை நெரித்ததுபோல முடிந்தது.

"அது என்ன?" என்றேன்.

"கப்பி, தம்பி" என்றார் மதினி. "காத்தடிச்சா உராயுது."

மைதீன் இன்னும் ஒரு படி மேலே போனார். "மோசமான கப்பி அண்ணாச்சி. எங்க மேலப்பாளையம் வரைக்கும் கேக்கும்."

வாழை இலை ஒன்றுகூட அசையவில்லை. தலையை ஆட்டிவைத்தேன். வந்த முதல் நாளே விருந்தாளி சண்டை பிடிக்கக் கூடாது.

மறுநாள் காலையில் கோயிலுக்குப் போனேன். கோயிலைத் திறந்து, பெருக்கி, மணி அடிக்கிறவரை இங்கே கோயில்குட்டி என்கிறார்கள். பெயர் தங்கையா. என் வயதுதான் இருக்கும். கோபுரத்தின் அடியில் விளக்குமாறும் பனையோலைக் கடகப்பெட்டியுமாக நின்றார். நான் வருவதைப் பார்த்து வேகமாகப் பெருக்கினார். பெட்டிக்குள் கறுப்பாக, கட்டைவிரல் பருமனில், உருண்டை உருண்டையாக ஏதோ கிடந்தது. என்னவென்று கேட்பதற்குள் அரளிச் செடிக்கு அடியில் கொட்டி மண்ணைத் தள்ளிவிட்டார்.

மேலே போய்க் கப்பியைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"சாவியக் காணல அண்ணாச்சி. நேத்துலேருந்து தேடுதேன்."

பூட்டை வெட்டலாமே என்றேன். ஏணியில் படி இற்றுப்போயிருக்கிறது என்றார். கயிறு கட்டி ஏறுவேன், அது என் தொழில் என்றேன். மேலே கடந்தை கூடு கட்டியிருக்கிறது, கொட்டினால் ஆள் தேற மாட்டான் என்றார். இத்தனையையும் முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல் சொன்னார். ஆராதனைக்கு எப்படி மணி அடிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டைக் காட்டினார்.

அன்று மாலை மதினியோடு வயலுக்குப் போனேன். கால்வாயில் தண்ணீர் நிறைந்து ஓடியது. அடுத்தடுத்த வயல்களில் பெண்கள் குனிந்து களை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நெல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் எங்கள் ஊரில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களில் எலிதான் பெரிய தலைவலி என்று தெரியும். எலிக்கு என்ன செய்கிறீர்கள் என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"முன்ன கிட்டி வைப்போம், விஷம் வைப்போம். இப்ப வைக்கிறதில்ல."

"ஏன்?"

"எலிக்கு இந்த ஊரு பிடிக்கல போல" என்று சொல்லிவிட்டு மதினி வரப்பில் விறுவிறுவென்று நடந்தார்.

வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து மெக்கானிக் வந்தார். இயந்திரம் ஏற்கெனவே லாரியில் வந்து கோயிலின் பின்னறையில் கிடந்தது. கீழே இருந்தே கோபுரத்தைப் பார்த்துவிட்டு, மேலே இருக்கும் நான்கு ஜன்னல்களையும் முதலில் கம்பி வலை வைத்து அடைக்க வேண்டும் என்றார். பறவை ஏதாவது புகுந்தால் மோட்டார் வீணாகிவிடும்.

மாலையில் ஐயர் எங்களை டீ குடிக்க அழைத்தார். சபைப் போதகரை இங்கே ஐயர் என்கிறார்கள். இளைஞர், கோயம்புத்தூர்ப் பக்கம், மாற்றலாகி வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. ஒழுங்கானவர். மேசையில் பென்சில்கள்கூட உயர வரிசையில் இருந்தன. எனக்கு அவரைப் பிடித்துப்போனது. பிடித்துப்போனவர்களிடம் நான் அதிகம் பேசிவிடுவேன்.

"கப்பியின் சத்தத்தைக் கேட்டீங்களா? உங்க அனுபவத்துல அதுக்கு என்ன கோளாறு?" என்று கேட்டார்.

"அது கப்பியே இல்லை" என்றேன். "கயிறு ஓடினால்தான் கப்பி கத்தும். மணியே அடிக்காத கோபுரத்தில், காற்றே இல்லாத நேரத்தில், சும்மா தொங்குகிற கப்பி எதற்குக் கத்த வேண்டும்?"

சொன்ன பிறகுதான் வாசலைப் பார்த்தேன். தங்கையா பால் செம்போடு நின்றிருந்தார். ஐயர் அவரிடம், நாளைக் காலையில் பூட்டை உடைத்தாவது மேலே ஏறிப் பார்த்துவிடலாம் என்றார். தங்கையா செம்பை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் வெளியே வந்தபோது கோபுரத்தடியில் காத்திருந்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

"வாங்க அண்ணாச்சி. பைய ஏறுங்க. ஏணி நல்லாத்தான் இருக்கு."

ஏணி நன்றாகத்தான் இருந்தது. கடந்தையும் இல்லை. மணிக்கு மேலே பெரிய இரும்புக் கப்பி எண்ணெய் பளபளக்கத் தொங்கியது. என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாகப் பராமரித்த கப்பியைப் பார்த்ததில்லை. அதற்குப் பின்னால், ஜன்னல் ஓரத்து மரத்தட்டில், வெள்ளை ஆந்தை எனப்படும் கூகையின் குஞ்சுகள் உட்கார்ந்திருந்தன. ஒன்று பெரியது, அடுத்தது அதைவிடச் சின்னது, அப்படியே இறங்கி, கடைசிக் குஞ்சுக்கு இன்னும் பஞ்சுதான் இருந்தது. ஆப்பிளை இரண்டாக வெட்டி வைத்ததுபோல வெள்ளை முகங்கள். எங்களைப் பார்த்ததும் குக்கரில் ஆவி வருவதுபோல ஒரே குரலில் சீறின. தாயோ தகப்பனோ ஜன்னலில் வந்து உட்கார்ந்து, அந்தக் கிறீச்சலைக் கிறீச்சிட்டுவிட்டுப் பறந்தது. பறந்ததில் துளிச் சத்தம் இல்லை. தட்டு முழுக்க எலி முடியும் எலும்புமாக அவை கக்கிய உருண்டைகள், தங்கையா அரளிக்கடியில் கொட்டி மூடிய அதே கறுப்பு உருண்டைகள். தட்டின் நாற்றம் மட்டும் இன்னும் என் சட்டையில் இருக்கிறது.

ஏணிப்படியில் உட்கார்ந்து தங்கையா சொன்னார். அவருக்கு இவற்றைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. கூகை நூறு வயது வாழும் என்றார், அது சரியாக இருக்காது. மணி அடித்தால் குஞ்சுகளுக்கு நெஞ்சு வெடித்துவிடும் என்றும் நம்பினார். அடித்துப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. கூகைகள் வருவதற்கு முன்பு பின்னறையில் எலிகள் பாட்டுப் புத்தகங்களைத் தின்றன. ஒரு பண்டிகை அன்று பழைய ஐயரின் வெள்ளை அங்கியையே கடித்து வைத்துவிட்டன. எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியது தங்கையா. கூகைகள் வந்த பிறகு ஒரு எலியும் இல்லை. அந்த நன்றிதான்.

"ஊருல இதச் சாக்குருவிம்பாங்க. கத்துனா சாவு விழும்பாங்க. கோயிலுக்குள்ளயே இருக்குன்னு தெரிஞ்சா கல்லெறிவாங்க. அது போகட்டும். புடிக்கவே ஆள் வருதான் அண்ணாச்சி. மந்திரவாதத்துக்குக் கேப்பாங்களாம். ஆத்துக்கு அக்கரையில ஒரு பாழுங் கட்டடத்துல கெடந்ததெல்லாத்தையும் சாக்குல அள்ளிட்டுப் போயிட்டான். அதான் கப்பின்னு ஒரு வார்த்த சொன்னேன். அத நம்பி கமிட்டியில பேசி, உங்களுக்குப் போன் போட்டு, மிஷினு வந்து எறங்கிட்டு. நான் என்ன செய்ய?"

இவர் பொய் சொல்லிக் காப்பாற்றினார். அந்தப் பொய்தான் கம்பி வலையை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. இன்னும் சில வாரத்தில் பறந்துவிடக்கூடிய குஞ்சுகள் அவை. அவற்றின் மேல் நாளைக்கே வலை விழ வழி செய்தவன் நான். வெட்கமாக இருந்தது. தொழில் ஞானத்தைக் காட்டிக்கொள்ள டீயைவிட நல்ல நேரம் கிடைக்கவில்லையா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஐயர் ஏறிப் பார்த்தார். இறங்கும்போது அவருடைய முகம் சிவந்திருந்தது. கூகைகளின் மேல் அவருக்குக் கோபம் இல்லை. "கோயிலுக்குள்ள நின்னுட்டு இத்தனை நாளா பொய்யா?" என்று தங்கையாவைக் கேட்டார். தங்கையா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நாளை ஆராதனையில் சபைக்கு உண்மையைச் சொல்லப் போவதாகவும், தங்கையா வேலையில் இருக்கலாமா என்பதைச் சபையே முடிவு செய்யட்டும் என்றும், திங்கட்கிழமை வலை அடிக்கலாம் என்றும் ஐயர் சொல்லிவிட்டார். தங்கையாவுக்கு வீடும் கோயில் வளாகத்தில்தான். வேலை போனால் வீடும் போகும்.

குஞ்சுகளை வேறு எங்காவது மாற்றி வைக்க முடியாதா என்று மெக்கானிக்கைக் கேட்டேன். அவர் மோட்டார் ஆள், பாவம். வனத்துறைக்குச் சொல்லலாமா என்று மதினியைக் கேட்டேன். சொல்லலாம், ஆனால் அவர்கள் வருவதற்குள் விஷயம் ஊர் ஊராகப் பரவி, பிடிக்கிறவன் முந்திக்கொள்வான் என்றார். அக்காவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னதும், "கடிக்குமா?" என்று கேட்டாள். எனக்கு மதிய உணவு இறங்கவில்லை. நல்ல வாளைமீன் குழம்பு, வீணாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. எங்கள் ஊரில் ஆராதனை சரியாக ஒரு மணி நேரம், பிறகு கார் நிறுத்தத்தில் முண்டியடிப்பு. இங்கே நேரத்தைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. பாட்டும் வேதபாடமும் வெளியே கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி வழியாக டீக்கடைக்கும், வயலுக்கும், ஆற்றுக்கும் போயின. அறிவிப்பு நேரம் வந்ததும் ஐயர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார்.

"நம்ம கோபுரத்துல கத்துறது கப்பி இல்லை. கூகை. குஞ்சு பொரிச்சிருக்குது. இந்த உண்மையைச் சபைக்கு மறைச்சிருக்காங்க. மறைச்சது யாருன்னும் சொல்றேன்."

கூச்சலை எதிர்பார்த்தேன். ஒரு இருமல்கூட இல்லை. எல்லோரும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கிரேஸ் மதினி எழுந்தார்.

"ஐயா, எனக்குத் தெரியும். வயலுல எலி கொறஞ்சப்பவே தெரியும். மத்தவங்க பயந்துருவாங்களேன்னுதான் சொல்லல."

முன்வரிசையில் இருந்த ஓய்வு பெற்ற வாத்தியார் எழுந்து, "எனக்குந் தெரியும். இவங்களுக்கெல்லாம் தெரியாதேன்னு நெனச்சேன்" என்றார். அவருக்குப் பின்னால் ஒருவர். அப்புறம் பாடகர் குழுவிலிருந்து ஒரு பெண். பொழுது விடியும் முன்னே வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள் எல்லோருமே அந்த வெள்ளைப் பறவையைப் பார்த்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் கப்பி என்று சொல்லியிருக்கிறார்கள். மனைவியும் பார்த்துவிட்டு வந்து புருஷனிடம் கப்பி என்று சொல்லியிருக்கிறாள். சபை முழுவதும் சபை முழுவதிடமிருந்தும் அந்தக் கூகையை மறைத்து வைத்திருந்தது.

ஐயர் கண்ணாடியை எடுத்து மாட்டினார். "அப்புறம் எதுக்குய்யா கமிட்டியில கப்பியைப் பத்திப் பேசினீங்க?" என்று கேட்டார்.

கமிட்டிச் செயலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "யாரோ ஒருத்தர் கப்பி சத்தம் சாஸ்தியா இருக்குன்னு பேச்ச எடுத்தாவ. எனக்கு விஷயம் தெரியும், அவுகளுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். கப்பி நல்லாருக்குன்னு சொன்னா அப்ப சத்தம் என்னதுன்னு கேப்பாவள்லா? அதனால கிரீஸ் வாங்கணும்னு சொல்லி வச்சேன். நாங்க கேட்டது கிரீஸ்தான் ஐயா. கிள்ளான்காரவுக மிஷினா அனுப்பிட்டாவ."

சபை மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. ஒரு மூலையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் விட்டுவிட, அது வரிசை வரிசையாகப் பரவியது. நான் தங்கையாவைத் தேடினேன். கடைசித் தூணருகில் தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தார். இத்தனை நாள் தான் ஒருவன்தான் காவல் என்று பயந்து பயந்து திரிந்த மனிதர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

குஞ்சுகள் பறக்கும்வரை வலை வேண்டாம் என்று முடிவானது. தங்கையாவின் வேலையைப் பற்றி யாரும் பேச்செடுக்கவே இல்லை. ஆனால் ஐயர் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் தங்கையாவைக் கூப்பிட்டு, இனி இந்த வளாகத்துக்குள் கப்பி என்ற பொய்யைச் சொல்ல மாட்டேன் என்று வாக்கு வாங்கினார். தங்கையா வாக்குக் கொடுத்தார். வெளியே வந்தபோதுதான் ஒலிபெருக்கி இன்னும் ஓடிக்கொண்டிருப்பதை மைதீன் காட்டினார். அவர் டீக்கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார், அவரோடு சேர்ந்து பஸ்ஸுக்கு நின்ற வெளியூர்க்காரர்களும்.

"ஐயரு நல்ல மனுசந்தான். ஆனா இது அல்லாவுக்கும் ஊருக்கும் மட்டும் தெரிஞ்சிருக்க வேண்டிய விசயம்லா அண்ணாச்சி" என்றார்.

திங்கட்கிழமை இரவு எனக்கு ரயில். மெக்கானிக் காலையிலேயே போய்விட்டார். பொழுது சாயும் நேரத்தில் மைதீன் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார். மதினி எனக்கு வழியில் சாப்பிட இலையில் புளியோதரை கட்டிக் கொண்டுவந்தார். தங்கையா கோயில் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். அப்போது ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான். பின்னால் சுருட்டிய வலையும் காலிச் சாக்கும் கட்டியிருந்தன. மறைக்கக்கூட முயலவில்லை.

"இங்க கோபுரத்துல கூகை இருக்குதாமே. நேத்து குழாய்ல சொன்னாங்களாம்."

"கூகையா?" என்றார் மைதீன். "யாரு சொன்னா? அது கப்பி."

"கப்பிதான்" என்றார் மதினி.

அவன் என்னைப் பார்த்தான். எனக்குக் கப்பியைப் பற்றித் தெரியும், முப்பது வருட அனுபவம் என்று சொன்னேன். அதில் பொய் இல்லை. அவன் நம்பவில்லை. தங்கையாவிடம் போனான். "பெரியவரே, நீங்கதான மணி அடிக்கிறவரு? சாமி சத்தியமாச் சொல்லுங்க. மேல என்ன இருக்குது?"

தங்கையா விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாயைத் திறந்தார். கொடுத்த வாக்கு அவரைப் பிடித்து நிறுத்திவிட்டது. அவன் அவருடைய முகத்தைப் பார்த்தான், மெதுவாகச் சாக்கை அவிழ்க்கத் தொடங்கினான்.

ஐயர் வீட்டிலிருந்து வெளியே வந்தார். வலையைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், தங்கையாவைப் பார்த்தார். அவன் வணக்கம் வைத்தான்.

"நேத்துப் பேசினது நீங்கதான? பாதிரியார் பொய் சொல்ல மாட்டீங்க. கூகை இருக்குதா, இல்லையா?"

நேற்று மேடையில் நின்ற அதே மனிதர்தான். கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"நேத்து நான் சொன்னது தப்பு" என்றார். "மேல ஏறிச் சரியாப் பார்த்தோம். கப்பிதான். பழைய இரும்பு, துரு ஏறிக் கெடக்குது."

அவர் முடிக்கும் முன்பே உச்சியில் அந்தக் கிறீச்சல் எழுந்தது, நீளமாக, வறட்சியாக. தொடர்ந்து குஞ்சுகளின் சீறலும் கேட்டது. வந்தவன் சாக்கைக் கையில் பிடித்தபடி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். மதினி புளியோதரைப் பொட்டலத்தின் நூலை இறுக்கினார். மைதீன் ஆட்டோவின் கண்ணாடியைத் துடைத்தார். ஐயர் தங்கையாவின் கையிலிருந்து விளக்குமாற்றை வாங்கித் தாமே பெருக்க ஆரம்பித்தார். நாங்கள் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.